சேவைக்கும் ஒரு கணக்குப் புத்தகம்

சேலத்தை அடுத்த நம் இளம்பிள்ளை வட்டாரத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், மணமேடைக்கு அடுத்தபடியாகக் கூட்டம் நெருக்கியடித்து நிற்பது மொய் எழுதும் மேஜையைச் சுற்றித்தான். ஊர், பேர், தகப்பனார் பேர், தொகை என்று ஒன்றும் விடுபடாமல் நோட்டில் ஏறுகிறது. விசேஷம் முடிந்ததும் அந்த நோட்டு பீரோவுக்குள் பத்திரமாகப் போய்விடும். மொய் வைத்தவர் வீட்டில் ஒரு காதுகுத்தோ கிரகப்பிரவேசமோ வருகிற நாளில் மறுபடி வெளியே வந்து, வாங்கியதற்குக் குறையாமல் திருப்பி வைக்கும்படி வீட்டுக்காரருக்கு ஞாபகப்படுத்தும். இதை வெறும் கொடுக்கல் வாங்கல் என்று ஏளனமாகத் தள்ளிவிட முடியாது. கடன் கொடுப்பார் இல்லாத குடும்பங்களுக்கு, கல்யாணச் செலவின் பாரத்தை உறவும் ஊரும் பங்கிட்டுச் சுமந்த ஏற்பாடு அது.

கைத்தறி மிகுந்திருந்த காலத்தில் நெசவாளர் தெருக்களில் பாவு போட்டதும் இவ்விதமே. வெயில் ஏறுவதற்கு முன்னால் தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, ஒட்டிக்கொண்ட இழைகளைப் பிரித்து, பதமாக உலர்த்தி எடுப்பதற்கு ஒரு வீட்டாரின் கைகள் போதா. அக்கம்பக்கத்தார் வந்து நின்றார்கள். அவர்கள் பாவுக்கு இவர்கள் போய் நின்றார்கள். இன்றைக்கு இளம்பிள்ளைச் சேலை நாலா திசைக்கும் போகிறதென்றால், அந்தச் சேலையை நெய்வது பெரும்பாலும் விசைத்தறி. தெருவில் பாவு விரிக்கும் காட்சியும் அருகிப் போயிற்று. ஆயினும் முறைக்கு முறை கைகொடுக்கும் அந்த மனோபாவம் ஊரில் இன்னும் இருக்கத்தான் செய்கிறது.

ஆனால், மொய் வைக்கச் சக்தியற்றவன் வீட்டு விசேஷத்துக்கு என்ன செய்வது? நம் தெருவில் ஒருநாளும் பாவு விரிக்கப்போகாதவனுக்கு, நமக்குப் பதில் உதவி செய்ய வழியே இல்லாத ஒருத்திக்கு, நாம் யார்? ஒத்தாசை முடிந்து சேவை தொடங்குகிற எல்லை அந்தக் கேள்வியில் இருக்கிறது. அந்த எல்லையை நாம் தாண்டாமலில்லை; உற்சாகம் வரும்போது தாண்டிவிட்டு, உற்சாகம் அடங்கியதும் திரும்பிவிடுகிறோம். கஞ்சமலை அடிவாரத்துச் சித்தர் கோவிலில் அமாவாசைதோறும் ஜனங்கள் திரள்கிறார்கள். அப்படிப்பட்ட நாட்களில் அன்னமிடக் கைகளுக்குப் பஞ்சமில்லை. மறுநாள் பிரதமை. அன்றைக்கும் பசி உண்டு. அன்றைக்கு யார் வருவார் என்று கேட்டால், "அதெல்லாம் மனசு வந்தாச் செய்யறதுங்க" என்று பதில் கிடைக்கும்.

மனசு வந்தால் செய்வது தர்மம். மனசு வந்தாலும் வராவிட்டாலும் செய்வது நித்திய கர்மம். தறியில் உட்காருகிறவன் இன்றைக்கு நெய்ய மனசு இருக்கிறதா என்று தன்னைக் கேட்டுக்கொண்டு உட்காருவதில்லை. பிறருக்குச் செய்யும் பணியையும் அப்படி அன்றாடத் தொழிலாக, நேரம் குறித்து, கணக்கு எழுதி நடத்த முடியுமா என்று கேட்பவர்கள் வெகுதூரம் யாத்திரை போக வேண்டியதில்லை. திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில், 1925ஆம் ஆண்டு முதல் அதற்கு ஒரு பிரத்தியட்சமான விடை இருக்கிறது.

குடிலுக்கு வந்த வக்கீல்

சேலத்தில் 1900ஆம் ஆண்டு தொழில் தொடங்கி, வெகுசீக்கிரத்தில் கைநிறையப் பொருளீட்டியவர் ராஜாஜி என்று வழங்கப்படும் சி. ராஜகோபாலாச்சாரியார். 1917 முதல் 1919 வரை அந்நகரத்தின் முனிசிபல் சேர்மனாக இருந்த காலத்திலேயே, அக்கிரகாரத்துத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடும் வேலைக்குத் தீண்டாதவர் என்று ஒதுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவரை நியமித்து, தம் சொந்த ஜாதியாரின் கோபத்தை வாங்கிக் கட்டிக்கொண்டார். மனைவியை இளம்வயதிலேயே இழந்து, குழந்தைகளைத் தாமே வளர்த்து வந்தவர். ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பு வந்ததும் வக்கீல் தொழிலை உதறினார். 1921 டிசம்பரில் சிறை புகுந்து, வேலூர்ச் சிறையில் இருந்து வெளிவந்தார். அத்தகையவர் அடுத்தபடியாக ஏறியிருக்கக்கூடிய மேடைகள் எத்தனையோ இருந்தன. அவரோ மழை பொய்த்து, கிணறு வற்றி, கம்புக்கும் சோளத்துக்கும் ஜனங்கள் தவித்துக்கொண்டிருந்த ஒரு கிராமத்தைத் தேடிக்கொண்டு போனார்.

புதுப்பாளையம் ஜமீன்தார் இரத்தினசபாபதிக் கவுண்டர் நிலம் கொடுத்தார். 1925 பிப்ரவரி 6ஆம் தேதி காந்தி ஆசிரமம் தொடங்கிற்று. அதைத் திறந்து வைத்தவர், அந்நாளில் கதர்ப் பிரசாரத்தில் ராஜாஜிக்குத் தோளோடு தோள் நின்ற ஈரோட்டு ஈ. வெ. ராமசாமி. பிற்காலத்தில் இருவரும் எதிரெதிர்த் திசைகளில் நடந்தார்கள் என்பதும், ஆயினும் சொந்த சிநேகத்தைக் கடைசிவரை விடவில்லை என்பதும் தமிழ்நாடு அறிந்த செய்தி. அடுத்த மாதமே காந்தியடிகள் அங்கே வந்து பார்த்தார். வந்தவர்கள் போய்விட்டார்கள், ஆசிரமவாசிகளோடு மறுநாள் காலை எஞ்சி நின்றது வேலை ஒன்றுதான்.

அந்த வேலை என்ன? சொன்னால் மிகவும் சாதாரணமாயிருக்கும். பஞ்சு கொடுப்பது, நூல் வாங்குவது, கூலி கொடுப்பது. சுற்றுவட்டாரத்துக் கிராமங்களிலிருந்து பெண்கள் வீட்டிலே ராட்டையில் நூற்ற நூலைச் சிட்டம் சிட்டமாகக் கட்டிக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்துகொண்டு வருவார்கள். சிட்டத்தை அவிழ்த்துப் பார்க்க வேண்டும். இழை ஒரே சீராக இருக்கிறதா, முறுக்கு போதுமா, இழுத்தால் அறுகிறதா என்று கவனிக்க வேண்டும். தராசில் நிறுத்து, நூலின் நம்பருக்குத் தக்கபடி கூலியைக் கணக்கிட்டு, புத்தகத்தில் பதிந்து, காசைக் கையில் கொடுத்து, அடுத்த தவணைக்கு வேண்டிய பஞ்சை அளந்து அனுப்ப வேண்டும். நூல் தடிப்பாக இருந்தால் அதைச் சொல்ல வேண்டும். சொல்லும்போது நூற்றவள் மனம் நோகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்த நூலை நெசவாளருக்குக் கொடுத்து, துணியாக்கி, விற்று, விற்ற பணத்தில் மறுபடி பஞ்சு வாங்க வேண்டும். இந்தச் சக்கரத்தில் எங்கே ஒரு பல் உடைந்தாலும், எங்கோ ஒரு குடிசையில் அடுத்த வாரம் உலை ஏறாது. ஆகையால் தலைவலியென்றோ, தலைவர் ஊரில் இல்லையென்றோ, இன்றைக்கு ஏகாதசியென்றோ நூல் வாங்கும் நாளைத் தள்ளிப்போட இடமில்லை.

தானம் கொடுத்திருந்தால் இவ்வளவு தொல்லை இல்லை. ஒரு மூட்டை தானியத்தை இறக்கி, வரிசையில் நிற்கச் சொல்லி, படியால் அளந்து போட்டுவிட்டால் அன்றைய புண்ணியம் அன்றோடு தீர்ந்துவிடும். ஆனால் வரிசையில் நின்று வாங்கியவளுக்கும், நூற்ற நூலை நிறுத்துக் கூலி வாங்கியவளுக்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாமவள் எடை குறைவாக இருப்பதாகத் தோன்றினால் மறுபடி நிறுத்துப் பார்க்கச் சொல்லலாம். கணக்கில் அவள் பெயரில் வரவு இருக்கிறது. அவள் கேட்பது தன்னுடையதை. சேவை செய்கிறவன் கணக்கு எழுதுவதன் முதல் பயன் அதுவே: வாங்குகிறவரைத் தலைநிமிர்ந்து வாங்க விடுகிறது.

ராட்டைக்கு எதிர்வாதம்

ராட்டையால் என்ன கிடைத்துவிடும் என்று கேட்டவர்கள் அற்பர்கள் அல்லர். ஆசிரமம் தொடங்கிய அதே 1925ஆம் ஆண்டில், ரவீந்திரநாத தாகூரே ராட்டை இயக்கத்தைக் கண்டித்து எழுதினார். யோசிக்காமல் எல்லோரும் ஒரே சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருப்பதால் தேசத்தின் புத்தி மழுங்கிப்போகும் என்பது அவருடைய கவலை. பொருளாதாரக் கணக்குப்படி பார்த்தாலும், நாள் முழுவதும் நூற்றுச் சில அணாக்களே கிடைக்கிற ஒரு தொழில் தேசத்தின் வறுமையைத் தீர்க்கும் என்று சாதிப்பது கடினம். நம் இளம்பிள்ளையே கைத்தறியிலிருந்து விசைத்தறிக்கு நகர்ந்துதான் பிழைத்தது.

ஆயினும் புதுப்பாளையத்தின் கேள்வி தேசத்தின் கேள்வி அன்று. கோடையில் காட்டு வேலை ஒன்றும் இல்லாமல், வீட்டில் இருக்கும் கிழவியும் விதவையும் கைக்குழந்தைக்காரியும் என்ன செய்து உப்பும் மிளகாயும் வாங்குவார்கள் என்பதே அங்கே எழுந்த கேள்வி. பெரிய பரிகாரம் வரும்வரையில் சிறிய பரிகாரத்தை நிறுத்தி வைப்பதற்கு அந்தக் கிழவி சம்மதிக்க மாட்டாள். சேவைக்காரன் சித்தாந்தத்தில் தோற்றுப்போனாலும் பாதகமில்லை, தவணை தவறக்கூடாது.

தவணை தவறாமல் போய்க்கொண்டிருப்பவன் கண்ணுக்குத்தான் அடுத்த வேலை தெரியும். பகலில் பெண்டாட்டி வாங்கிய கூலி சாயந்தரம் கள்ளுக்கடைக்குப் போய்ச் சேருவதை, நூல் கணக்கு எழுதியவர்கள் தினமும் பார்த்தார்கள். கணக்குப் புத்தகத்தின் ஓட்டை அங்கே இருந்தது. அதை அடைப்பதற்காக 1929இல் ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை வெளிவந்தது. திரு. வி. க.வின் 'நவசக்தி'யில் பயின்ற ரா. கிருஷ்ணமூர்த்தி என்ற இளைஞர் அதில் ராஜாஜிக்குத் துணையாக அமர்ந்தார். பின்னாளில் கல்கியாகித் தமிழ் வாசகர்களை வசப்படுத்திய பேனாவுக்கு, குடிகாரன் வீட்டுக் கதையைக் கிராமத்தானுக்கு விளங்கும்படி எழுதுவது அங்கே அன்றாட அப்பியாசமாயிருந்தது.

1937இல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அந்த ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி மதுவிலக்கு முதன்முதலாக அமலுக்கு வந்த ஜில்லா சேலம். இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் அன்று அதற்குள் அடக்கம். கள்ளுக்கடை வருமானம் நின்றதை ஈடுசெய்ய 1939இல் பிறந்ததுதான் விற்பனை வரி. பிற்காலத்தில் சட்டம் தளர்ந்தது, திரும்பவும் இறுகிற்று, 1971இல் தமிழகம் முழுவதும் நிறுத்தி வைக்கப்பட்டது. ஒரு கையெழுத்தில் வந்தது இன்னொரு கையெழுத்தில் போயிற்று. சட்டத்தை இகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, அந்த வீட்டுக்காரனோடு திண்ணையில் உட்கார்ந்து, வாரா வாரம் பேசுகிற வேலைக்கு எந்தச் சட்டமும் பிரதியாகாது என்பதற்காகவே சொல்கிறோம்.

காசைவிடக் கடினமான காணிக்கை

ஆசிரமவாசிகளில் தாழ்த்தப்பட்ட வகுப்பினரும் இருந்தார்கள். எல்லோரும் ஒன்றாகவே உண்டார்கள். சுற்றுப்புறத்து ஜாதி இந்துக்களுக்கு இது சிறிதும் பிடிக்கவில்லை. பஞ்சு வேண்டும், கூலி வேண்டும், ஆசிரமத்து வைத்தியசாலையின் மருந்தும் வேண்டும். ஆனால் அந்தப் பந்தி வேண்டாம் என்றிருந்தது ஊராரின் அபிப்பிராயம். பந்தியைக் கலைத்திருந்தால் ஆசிரமத்துக்கு இன்னும் பெரிய பேர் கிடைத்திருக்கும்.

தன்னலமின்மை என்பதைப் பணத்தோடு முடிச்சுப் போட்டே நாம் பேசிப் பழகிவிட்டோம். பணத்தைக் கொடுக்கிறவனுக்குப் புகழ் வருகிறது. ஆகவே அவன் முழுக்க நஷ்டப்படுவதில்லை. கல்வெட்டில் பெயர் வருகிறது, குழல் விளக்கின் மேலேகூட உபயம் இன்னார் என்று எழுதிக்கொள்கிறோம். நாலு பேர் மத்தியில் உள்ள மரியாதையைக் கொடுக்கிறவனுக்கோ கைம்மாறாக ஒன்றும் வருவதில்லை. அக்கிரகாரத்துக் குழாய் விஷயத்திலும் ஆசிரமத்துப் பந்தி விஷயத்திலும் ராஜாஜி செலவழித்தது அந்த முதலைத்தான். இன்றைக்கும் நம் ஊர்களில் ரத்த தானத்துக்கும் அன்னதானத்துக்கும் முன்வருகிற கைகள், சமையலறையில் யார் கரண்டி பிடிப்பது, யார் வீட்டு வாசலில் யார் தண்ணீர் வாங்கிக் குடிப்பது என்ற கேள்வி எழுந்தால் தயங்குவதைப் பார்க்கிறோம். சேவையின் உரைகல் அங்கே இருக்கிறது.

அடுப்பும் கண்ணும் பள்ளத்தாக்கும்

புதுப்பாளையத்தைத் தனி அதிசயமாக நினைக்க வேண்டாம். இராமலிங்க அடிகள் 1867 மே 23ஆம் தேதி வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. வருகிறவர் ஜாதி, மதம், ஊர் எதையும் கேளாமல் வேளைதோறும் அன்னமிடுகிறார்கள். பக்தர் அந்த நெருப்பில் தெய்வீகத்தைக் காண்பர். அதற்குப் பின்னாலுள்ள நிர்வாகமும் வணக்கத்துக்குரியதே. இன்றைய அரிசி இன்றைக்கு வந்தாக வேண்டும், விறகு நனையாமல் இருக்க வேண்டும், இரவில் ஒருவர் விழித்திருக்க வேண்டும். ஒன்றரை நூற்றாண்டாக ஒவ்வொரு இரவும் யாரோ ஒருவர் விழித்திருந்திருக்கிறார். அவர்களுடைய பெயர்கள் நமக்குத் தெரியா.

மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தினால் விரல்கள் கோணிப்போனவர், அந்த விரல்களாலேயே கண்புரை அறுவைச் சிகிச்சை பழகியவர். பணம் கொடுக்க இயன்றவர் கொடுக்கும் கட்டணத்திலிருந்தே இயலாதவருக்கும் சிகிச்சை நடக்கும்படி அவர் ஏற்பாடு செய்தார். ஆண்டுதோறும் நன்கொடைக்குக் கையேந்தி நிற்காமல், தன் காலில் நிற்கும் கணக்கு இருந்தமையால், சேவை ஒரு மனிதரின் ஆயுளோடு முடியவில்லை.

இன்னும் கிட்டத்தில், தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. காந்திகிராமத்து மருத்துவமனையில் பணியாற்றிய ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற மருத்துவத் தம்பதி 1993இல் அங்கே போய், மலைவாசிகள் எழுப்பிக் கொடுத்த குடிசையில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். பிரசவ வேதனை கண்ட பெண் மணிக்கணக்காகப் பிரயாணம் செய்தாலொழிய ஆஸ்பத்திரியைப் பார்க்க முடியாத இடம் அது. அவர்கள் செய்த காரியங்களில் தலையாயது, தாங்களே எல்லாவற்றையும் செய்யாமல் இருந்தது. அந்த மலைப் பெண்களையே தாதிகளாகவும் கிராம சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றினார்கள். கர்ப்பிணியின் வீட்டுக்குப் போய், நாடி பார்த்து, கால் வீக்கம் பார்த்து, குழந்தையைத் தராசுத் தூளியில் தொங்கவிட்டு எடை பார்த்து நோட்டில் குறித்துவருகிற பெண், அதே ஊரின் மகள். அவளை அந்த வீட்டார் வாயாரப் பெயர் சொல்லி அழைப்பார்கள். பள்ளத்தாக்கில் குழந்தைகள் சாவது வெகுவாகக் குறைந்தது இந்தப் பெண்களின் நடையால்.

நம் ஊருக்கு என்ன?

தறி ஓடுகிற ஊரில், காலை ஏழிலிருந்து இரவு ஒன்பது வரை நிற்கிறவருக்கு ஆசிரமம் கட்ட நேரமில்லை என்பது நியாயமான ஆட்சேபம். ஆசிரமம் இல்லாமலும் செய்ய வழியுண்டு என்பதற்கு ஒரு சிறு உதாரணம் பார்ப்போம். தலைவர்களின் பிறந்த நாளன்று ரத்த தான முகாம் நடத்துவது நமக்கு வழக்கமாகிவிட்டது. அது நல்ல வழக்கம். ஆனால் கொடுத்த ரத்தத்தின் சிவப்பணுக்களைக் குளிர்பதனத்தில் 35 முதல் 42 நாள் வரைதான் வைத்திருக்க முடியும். தட்டணுக்களோ 5 நாளில் பயனற்றுப் போகின்றன. ஒரே நாளில் நூறு பேர் கொடுத்துவிட்டு அடுத்த பிறந்த நாள் வரை மறந்துபோனால், நடுவே பத்து மாதங்களில் பிரசவத்துக்கும் விபத்துக்கும் வருகிறவர்களுக்கு என்ன கிடைக்கும்? ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். அந்த நூறு பேரும் தேதிகளைப் பங்கிட்டுக்கொண்டு வாரத்துக்கு இரண்டு பேர் வீதம் போனார்களேயானால், மேடையும் மாலையும் ஒலிபெருக்கியும் இல்லாமல் ஆண்டு முழுவதும் உதவி நடக்கும். கருணை அதே அளவுதான். காலண்டர் மட்டும் சேர்ந்திருக்கிறது.

இதுபோலவே, முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதத் தெரியாத கிழவியும், சேலம் அரசு மருத்துவமனையில் எந்தக் கட்டடத்தில் எந்தச் சீட்டு வாங்குவது என்று தெரியாமல் மருண்டு நிற்கும் கிராமத்தானும் ஒவ்வொரு நாளும் வருகிறார்கள். அவர்களுக்கு நம் இரக்கத்தைவிட, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இன்ன இடத்தில் ஒருவர் நிச்சயமாக இருப்பார் என்ற உறுதி அதிகம் பயன்படும். மாதத்தில் ஒரே செவ்வாய்தான் முடியுமென்றால் அந்த ஒன்றையே சொல்லி, அதைத் தவறாமல் காப்பாற்றலாம். திருக்குறளில் ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரமே வைத்த வள்ளுவர், பிறருக்கு உதவுவதை அசாதாரணமான தியாகமாகப் பேசாமல், உலகத்தோடு வாழ அறிந்தவன் நடைமுறையாகவே பேசியிருக்கிறார்.

அப்படிச் செய்ததை ஒரு நோட்டில் எழுதி வைப்பதும் அவசியம். பெருமைக்காக அல்ல, யாருக்கு என்ன பாக்கி நிற்கிறது, எந்த மனு எந்த மேஜையில் கிடக்கிறது, எந்தக் கிழவியை மறுபடி வரச் சொல்லியிருக்கிறோம் என்பது நம் ஞாபகத்தில் மட்டும் இருந்தால், நாம் படுத்த படுக்கையானால் அதுவும் படுத்துவிடும். நோட்டில் இருந்தால் வேறொருவர் எடுத்து நடத்தலாம்.

ராஜாஜி 1930இல் வேதாரணியத்துக்கு உப்பெடுக்கப் போய்ச் சிறைப்பட்டார், மாகாணப் பிரதமரானார், 1948இல் கவர்னர் ஜெனரலாகி, வைசிராய்கள் வாழ்ந்த மாளிகையில் குடியேறினார். புதுப்பாளையத்து ஆசிரமம் அவர் இல்லாமலும் நூல் வாங்கிற்று, துணி விற்றது. 2025இல் நூறாண்டு நிறைந்த பின்னும் கதர் வேலை அங்கே நடக்கிறது. தாம் இல்லாவிட்டால் நின்றுபோகிற காரியத்தில் செய்கிறவரின் அகந்தை எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. இல்லாமலும் நடக்கிற காரியத்தில்தான் அது கழன்றிருக்கிறது. ஆகையால் சேவையில் இறங்குகிறவர் முதல் வாரத்திலேயே செய்துவிட வேண்டிய வேலை ஒன்று உண்டு: தமக்குப் பதிலாக வரக்கூடிய இன்னொருவரைக் கண்டுபிடித்து, பக்கத்தில் உட்கார வைத்து, கணக்கெழுதக் கற்றுக்கொடுப்பது.